டி.எஸ். பாலையா: தற்பெருமைக்கு முகம் கொடுத்த நடிகர்

டி.எஸ். பாலையா என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல வெலவெலத்துப் போகும் அந்த முகம். அடுத்தது ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர். அப்புறம் ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர் முத்துராக்கு. மூன்றுமே 1964-க்கும் 1968-க்கும் இடையில் வந்த படங்கள். அதற்கு முன்பே அவர் 28 ஆண்டுகள் சினிமாவில் இருந்துவிட்டார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வில்லன். கதாநாயகனுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுப்பவர், காதலர்களைப் பிரிப்பவர், அடுத்தவன் மனைவி மேல் கண் வைப்பவர்.

ஊரே வெறுத்த வில்லன் எப்படி ஊரே சிரிக்கும் அப்பாவாக ஆனார்? ‘எந்த வேடம் கொடுத்தாலும் பிரமாதமாகச் செய்வார்’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது பாராட்டு, விளக்கம் ஆகாது. அவர் நடித்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. பாலையா ஆரம்பத்திலிருந்தே அதிகமாக நடித்தது ஒரே வகை மனிதனைத்தான். தன்னைப் பற்றித் தானே பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதன். அந்த ஆளின் கையில் அதிகாரமும் வாளும் இருந்தால் நமக்குப் பயம் வருகிறது. வெறும் பணமும் பங்களாவும் மட்டும் இருந்தால் சிரிப்பு வருகிறது. அவன் பெருமை நம் கண்முன் உடைந்தால் பரிதாபம் வருகிறது. வில்லன், காமெடியன், குணச்சித்திரம் என்று நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது அவருக்கு ஒரே வேலையின் மூன்று அளவுகள்.

பாலையா பிறந்தது 1914 ஆகஸ்ட் 23 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில். சிறுவனாகவே நாடகத்துக்குப் போனார். அன்று நாடகத்துக்குப் போவது என்றால் பாய்ஸ் கம்பெனிக்குப் போவது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் வேரூன்றச் செய்த அந்தச் சிறுவர் கம்பெனிகள்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தமிழ் சினிமாவுக்கு நடிகர்களைக் கொடுத்தன. என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா, சிவாஜி கணேசன், எம்.என். நம்பியார், கே.ஏ. தங்கவேலு எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்.

அந்தப் பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் பாலையாவின் பிற்கால நடிப்பு புரியும். பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள். வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுப்பார், தப்பினால் அடி விழும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பிரிந்திருந்தாலும் ஒரு பையன் ஒரே வேடத்தில் நிலைத்துவிட முடியாது. இன்று ஒருவனுக்கு ஜுரம் என்றால் நாளைக்கு இன்னொருவன் அந்த வேடம் கட்டியாக வேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட வேண்டும். பதினாலு, பதினைந்து வயதில் குரல் உடையும்போது, மகரக்கட்டு என்று சொல்வார்களே, அப்போது பல பையன்களின் நாடக வாழ்க்கையே முடிந்துபோனது. தாக்குப்பிடித்தவர்கள் பேச்சை நம்பி வாழக் கற்றுக்கொண்டார்கள்.

பாலையா பாட்டால் பெயர் எடுத்தவர் இல்லை. இது முக்கியமான விஷயம். அவர் சினிமாவுக்கு வந்த காலத்தில் கதாநாயகன் என்றால் பாடகன். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா போன்றவர்கள் பாட்டாலேயே நாயகர்களாக நின்றார்கள். பாடாத நடிகனுக்கு அந்த உலகத்தில் கிடைப்பது எதிர்ப்பக்கம்தான். நாயகன் பாடுவான், அவனைக் கவிழ்க்கிறவன் பேசுவான். ஆக, பாலையா பேச்சை ஆயுதமாகத் தீட்டிக்கொண்டது ஒரு பகுதி காலத்தின் கட்டாயம்.

அவருடைய முதல் படம் ‘சதி லீலாவதி’, 1936. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் தமிழில் இயக்கிய முதல் படம். எம்.கே. ராதா நாயகன். எம்.ஜி.ஆர். திரைக்கு வந்த படமும் இதுதான், என்.எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். குடியால் கெட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் ஒருவனின் கதை. அவனைக் குடியில் இறக்கிவிட்டு அவன் மனைவியை அடையப் பார்க்கும் ராமநாதனாக 21 வயது பாலையா நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதே படத்தில் கிடைத்தது ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். அன்றைய கணக்கில் பாலையா அவரைவிட முன்னால் நின்றார்.

டங்கன் அமெரிக்கர். சினிமாவை முறையாகப் படித்துவிட்டு இங்கே வந்தவர். தமிழ் தெரியாது. வசனத்தின் பொருளை மற்றவர்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இயக்குநர் ஒரு நடிகனை எடைபோட நம்பக்கூடியது முகத்தையும் உடலையும்தான். அடுத்த ஆண்டு அவர் ‘அம்பிகாபதி’ எடுத்தபோது, பாகவதருக்கு எதிராக ருத்ரசேனன் வேடத்துக்கு மறுபடியும் பாலையாவையே போட்டார். இளங்கோவன் வசனம் பெரிதாகப் பேசப்பட்ட படம் அது. பாகவதரும் பாலையாவும் மோதும் வாள்சண்டையும் அந்தக் காலத்து ரசிகர்களிடம் பேர் வாங்கியது. ஒரு பக்கம் தமிழ்நாட்டின் பெரிய பாடகர். இன்னொரு பக்கம் பாட்டே இல்லாத ஒருவர், அவருக்கு ஈடாக நிற்கிறார். 28 ஆண்டுகள் கழித்து இதே பாலையா திரையில் ஒரு மகா வித்துவானாக உட்கார்ந்து பாடப்போகிறார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாற்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். வில்லன் வேடங்கள் தொடர்ந்தன. நடுநடுவே முக்கிய வேடங்களும் வந்தன, 1948-ல் வந்த ‘மோகினி’யில் எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நடித்தார்கள். ஆனால் கதாநாயகனாக நிலைக்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை, அல்லது காலம் விடவில்லை. அவருக்கு உண்மையான திருப்பம் 1949-ல் வந்த ‘வேலைக்காரி’. அண்ணாவின் நாடகம், கே.ஆர். ராமசாமி மேடையில் நடத்தி வெற்றி கண்டது. ஜூபிடர் பிக்சர்ஸுக்காக ஏ.எஸ்.ஏ. சாமி படமாக்கினார். தந்தையைச் சாகடித்த ஜமீன்தாரைக் குத்திக் கொல்லத் துடிக்கும் ஆனந்தனைத் தடுத்து, கத்தியைவிட மூளை பெரிது என்று வழி மாற்றும் நண்பன் மணியாக பாலையா வந்தார்.

இந்த வேடத்தை மேலோட்டமாகப் பார்த்தால் நல்லவன் வேடம், வில்லனிலிருந்து விலகல் என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் அதே கருவிகள்தான். வில்லனாக இருந்தபோது பேசிப் பேசி நாயகனைக் கெடுத்தவர், இங்கே பேசிப் பேசி நாயகனைத் திருத்துகிறார். காதோரம் குனிந்து பேசுவது, ஒரு யோசனையை எதிராளியின் மனதிலேயே பிறந்த மாதிரி ஆக்குவது, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணால் முடிப்பது. பார்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சதி செய்யத் தெரிந்தவன் நம் பக்கம் வந்தால் எவ்வளவு தெம்பு என்பதை அந்தப் படம் பயன்படுத்திக்கொண்டது. இதை யோசித்து அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஐம்பதுகளில் வில்லத்தனத்துக்குள் சிரிப்பு நுழைகிறது. ‘தூக்குத் தூக்கி’ (1954) சிவாஜி படம். அதில் சேட்டாக வந்து உடைந்த தமிழில் கொஞ்சிக் குலாவும் பாலையாவைப் பார்த்தால், காமுகன் என்று வெறுக்கவும் முடியவில்லை, கோமாளி என்று விட்டுவிடவும் முடியவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பனும் அப்படித்தான். வீரம் பேசுவதில் குறைவே இல்லை, ஆபத்து வந்ததும் கால் பின்னால் போகும். எம்.ஜி.ஆரின் நாயகன் பக்கத்தில் நிற்கும்போது, இந்தப் போலி வீரம் நாயகனின் வீரத்தைத் தூக்கிக் காட்டுகிறது. குணச்சித்திர நடிகரின் வேலையில் பாதி இதுதான். தான் ஒளிர்வதோடு, எதிரே நிற்பவர் யார் என்பதையும் நமக்குக் காட்ட வேண்டும்.

1959-ல் பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’. இதை அவருடைய வரிசையில் நான் மிக உயர்வாக வைக்கிறேன், மற்றவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு கிராமத்துக் குடும்பத்தில் அண்ணன் வைத்தியலிங்கம் பாலையா, தம்பி சுந்தரலிங்கம் எஸ்.வி. சுப்பையா. அண்ணன் மனைவியாக சி.கே. சரஸ்வதி. மனைவியின் பேச்சு தாங்காமல் அண்ணன் தடுமாற, குடும்பம் இரண்டாகப் போகிறது. வைத்தியலிங்கம் கெட்டவன் இல்லை. வீட்டுத் தலைவன் என்ற கௌரவம் மட்டும் இருக்கிறது, தலைவனாக இருக்கும் தைரியம் இல்லை. தம்பிக்கு அநியாயம் நடக்கிறது என்று அவருக்கே தெரியும், மனைவி எதிரில் வாய் எழும்பாது. தமிழ்நாட்டில் பாகம் பிரித்த எத்தனையோ வீடுகளில் இந்த அண்ணன் இருந்திருப்பார். சிவாஜியும் எம்.ஆர். ராதாவும் இருக்கும் படத்தில் இந்த அடங்கிய வேடத்தை ஓங்கி நடிக்காமல், குரலைத் தாழ்த்தி, பார்வையை இறக்கி நடித்திருக்கிறார். தற்பெருமை பிடித்தவனை நடிக்கத் தெரிந்தவருக்கு, பெருமை வற்றிப்போனவனையும் நடிக்கத் தெரிந்திருந்தது.

அவருடைய பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாடக மேடையிலிருந்து வந்த பலர் வசனத்தை ஒரே உச்சத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். பாலையா ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடங்களில் படி இறங்குவார். அதட்டலாகத் தொடங்கும் வரி, நடுவில் சந்தேகமாகி, கடைசியில் கெஞ்சலாக முடியும். இழுத்துப் பேசும் அந்தப் பாணியை மிமிக்ரி செய்பவர்கள் இழுவையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இழுவைக்குள் அந்த மனிதன் யோசிக்கிறான் என்பதுதான் விஷயம். எதிரே இருப்பவன் பெரியவனா சின்னவனா, இவனிடம் பணிய வேண்டுமா மிரட்ட வேண்டுமா என்ற கணக்கு அந்த நீட்டலுக்குள் நடக்கிறது.

இந்தக் கணக்கு முழுசாகப் பலித்த படம் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. பாலையாவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிறையவில்லை. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், இரண்டு பெண்களையும் பணக்கார வீட்டில் கொடுக்க வேண்டும் என்பதே குறிக்கோள். வேலையை விட்டுத் துரத்திய அசோக், அதாவது ரவிச்சந்திரன், பங்களா வாசலிலேயே கொட்டகை போட்டுப் போராடுகிறான். அப்போது விஸ்வநாதன் சிங்கம். பிறகு அசோக்கின் நண்பனான முத்துராமன் கிழவன் வேடம் போட்டு, பெரும் கோடீஸ்வரர் சிதம்பரமாக வருகிறார். அசோக் அவர் மகன் என்று நம்பியதும் விஸ்வநாதனின் முதுகு தானாக வளைகிறது. நேற்று வரை ‘அவன்’, இப்போது ‘அசோகர்’. மகன் என்று சொல்லக்கூட நாக்கு கூசி, அதற்கும் ஒரு ‘ர்’ சேர்த்து மரியாதை கொடுக்கிறார். சித்ராலயா கோபுவின் நகைச்சுவை அங்கே எழுத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு எழுத்துக்காக உடம்பு முழுவதும் குழையும் நடிப்பு பாலையாவுடையது. பணத்தின் முன்னால் கரையும் இந்தப் பெருமையைச் சற்றே இருட்டாக்கினால் 1936 ராமநாதன் கிடைத்துவிடுவார்.

அப்புறம் அந்தக் கதை சொல்லும் காட்சி. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி ஆரம்பித்துப் படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, பணம் கேட்டு அப்பாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்கிறான். காட்சியில் பேச்சும் சத்தமும் ஏறக்குறைய எல்லாமே நாகேஷுடையது. பாலையாவுக்கு உட்கார்ந்து கேட்பது மட்டும்தான் வேலை. முதலில் ‘இந்தப் பயலுக்கு என்ன தெரியும்’ என்ற அலட்சியம். அப்புறம் கொஞ்சம் ஆர்வம், அதை மகன் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம். அப்புறம் நிஜமான பயம். அந்தப் பயம் வந்த பிறகும் முதலாளி என்ற தோரணை முகத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சிரிப்பு நிற்காமல் வருகிறது. சாதாரணமாக எவனோ பயந்தால் இவ்வளவு சிரிப்பு வராது. பயப்படக் கூடாது என்று நினைக்கிற பெரிய மனிதன் பயப்படுவதுதான் சிரிப்பு.

நாகேஷ் அங்கே எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாலையா அவரோடு ஓடவில்லை. ஒரு காமெடிக் காட்சியில் எதிரே இருப்பவர் கைதட்டல் வாங்கும்போது தானும் ஏதாவது செய்து பங்கு பிடுங்கும் சபலம் எந்த நடிகருக்கும் வரும். பாலையா அதைச் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதே படம் இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) ஆனபோது, மெஹ்மூத் கதை சொல்ல ஓம்பிரகாஷ் கேட்டார். அங்கேயும் அந்தக் காட்சி பெரும்புகழ் பெற்றது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்ற அமைப்பிலேயே பலம் இருக்கிறது. கேட்பவர் சரியாக அமையாவிட்டால் சொல்பவர் வெறும் கூச்சல் போடுபவராகிவிடுவார்.

அடுத்த ஆண்டு, 1965 ஜூலையில் ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. வடநாட்டிலிருந்து வந்த ஏமநாதன் பாண்டிய நாட்டுப் பாணர்களைச் சவாலுக்கு அழைக்க, பாண்டியன் அவைப் பாடகர் பாணபத்திரருக்காக இறைவனே விறகுவெட்டியாக வந்து பாடி அவனை ஓடவைக்கிறார். ஏ.பி. நாகராஜன் இதைப் படத்தில் ஒரு பெரும் பகுதியாக எடுத்தார். அவரும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் என்பதால் யாரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருந்தது. ஹேமநாத பாகவதராக பாலையாவைப் போட்டார்.

பாட்டு பாலமுரளிகிருஷ்ணாவுடையது. கண்ணதாசன் வரிகளுக்கு கே.வி. மகாதேவன் இசை. ‘ஒரு நாள் போதுமா’ மாண்டு ராகத்தில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகமாலிகையாகப் போகிறது. பாலமுரளியின் குரல் எவ்வளவு லேசாகப் பறக்குமோ அந்த லேசை உடம்பில் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் இவன் தோற்க வேண்டிய ஆள், ரசிகனுக்குக் கொஞ்சம் எரிச்சலும் வர வேண்டும். பாலையா இரண்டையும் பிடிக்கிறார். சங்கதி விழும் இடங்களில் கை சரியாக விழுகிறது, கழுத்து சரியாக அசைகிறது. ஒவ்வொரு சங்கதிக்குப் பிறகும் சபையை ஒரு பார்வை பார்க்கிறார், ‘கேட்டீர்களா?’ என்று. வித்தை நிஜம், திமிரும் நிஜம். போலி வித்துவானாக நடித்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும், படமும் சின்னதாகிப் போயிருக்கும். தோற்கிறவன் உண்மையிலேயே பெரிய பாடகன் என்று நாம் நம்பினால்தான் அவனை வென்றவர் இறைவன் என்பதற்குப் பொருள் இருக்கும்.

அடுத்து இரவு. சபையில் அவ்வளவு ஆடிய மனிதர், வாசலில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். இங்கேயும் பாலையாவின் வேலை கேட்பதுதான். முன் ஆண்டில் பேய்க்கதையைக் கேட்ட அதே நடிகர், அதே அலட்சியம், அதே ஆர்வம், அதே பயம் என்ற வரிசை. ஆனால் இந்தத் தடவை நாம் சிரிக்கவில்லை. சங்கீதம் தெரிந்தவனுக்குத்தான் தான் எவ்வளவு சிறியவன் என்று தெரியும். விறகு சுமப்பவனை பாணபத்திரர் சீடனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டதும் அந்த முகம் இடிந்து விழுவது, என் கணக்கில் தமிழ்ப் படங்களில் வந்த மிகச் சிறந்த தோல்விக் காட்சி. பாட்டு தெரியாததால் ஒரு காலத்தில் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தப்பட்ட நடிகர், கடைசியில் பாடகனின் அகங்காரத்தையும் அழிவையும் இவ்வளவு உள்ளே போய் நடித்திருக்கிறார். பாகவதர்களின் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன்.

1967-ல் இரண்டு அப்பாக்கள். ஸ்ரீதரின் ‘ஊட்டி வரை உறவு’ அப்பாவுக்கு மறைக்க ஒரு ரகசியம் இருக்கிறது, வெளியே கௌரவம், உள்ளே நடுக்கம், நாம் முன்பே பார்த்த ஆள்தான். பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ வேறு. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அப்பா. பக்கத்தில் ஒரு சினிமா நட்சத்திரம் குடிவந்ததும் மருமகள்கள் ஆடம்பரத்தில் இறங்க, வீட்டுக் கணக்கு தலைகீழாகிறது. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பெருமை பிடிக்கிறது, அப்பா ஒருவருக்குத்தான் பிடிக்கவில்லை. ‘வரவு எட்டணா’ பாட்டில் அவர் வரவு செலவு சொல்லிக் கண்டிக்கும்போது, உபதேசம் என்று தோன்றாததற்குக் காரணம் அந்த முகம்தான். வீண் பெருமை எப்படிப்பட்டது என்று உள்ளும் புறமும் தெரிந்தவர் சொல்வதைப் போல இருக்கும்.

1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை, மறுபடியும் ஏ.பி. நாகராஜன். சிவாஜி, தங்கவேலு, நம்பியார், மனோரமா என்று மேடையிலிருந்து வந்தவர்களின் கூட்டம். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் சிவாஜி, அவர் செட்டில் தவில் முத்துராக்கு பாலையா. நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. திரையில் சிவாஜி வாசிப்பது போலவே தெரிகிறது என்று எல்லோரும் வியக்கிறோம். தவில் பக்கமும் பாருங்கள். குச்சி பிடித்த கையும் கூடு போட்ட விரல்களும், தோளின் அசைவும், நாயனக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் முறைக்குக் காத்திருப்பதும் ஒரு தவில்காரரின் வாழ்நாள் பழக்கமாகவே தெரிகின்றன.

முத்துராக்குவுக்கும் பெருமை உண்டு, ஆனால் அது அவரைப் பற்றியது இல்லை. தன் நாயனக்காரரைப் பற்றியது. சண்முகசுந்தரம் கோபக்காரன், எதற்கெடுத்தாலும் எழுந்து போகிறவன். அவனைத் திட்டவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் கூடாது, வெளியாளிடம் அவன் மானத்தைக் காக்கவும் வேண்டும், நாட்டியக்காரி மோகனாவின் மேல் அவன் வைத்த ஆசையைக் கண்டும் காணாமல் இருக்கவும் வேண்டும். இத்தனையையும் பாலையா பெரும்பாலும் பக்கவாட்டில் நின்றே செய்கிறார். ரயில் காட்சியில் சண்முகமும் மோகனாவும் கண்ணால் பேசிக்கொள்ளும்போது, பெட்டியில் சுற்றி இருப்பவர்களின் கிண்டலும் தர்மசங்கடமும் சேர்ந்துதான் அந்தக் காதலுக்கு ஒரு ஊர் கிடைக்கிறது.

இதற்குப் பிறகு அவருக்கு நான்கு ஆண்டுகள்தான் இருந்தன. 1972 ஜூலை 22 அன்று, 58 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் ‘கரகாட்டக்காரன்’, ‘சாட்டை’ போன்ற படங்களில் நடித்து 2023-ல் மறைந்தார்.

பாலையாவின் பழைய வில்லன் வேடங்களை இன்று பார்ப்பவர்கள் குறைவு. முப்பதுகளின் படங்களில் பல முழுசாகக் கிடைப்பதும் இல்லை. அதனால் அறுபதுகளின் சிரிப்பு முகமே அவர் என்று ஆகிவிட்டது. ‘வேலைக்காரி’, ‘தூக்குத் தூக்கி’, ‘பாகப்பிரிவினை’ மூன்றையும் பார்த்துவிட்டு ‘காதலிக்க நேரமில்லை’க்கு வந்தால், விஸ்வநாதன் எஸ்டேட் மொட்டை மாடியில் முளைத்த ஆள் இல்லை என்பது தெரியும். முப்பது ஆண்டுகளாக அவர் கூடவே வந்த மனிதர் அவர்.